மேல்மண்ணும் டோர் பேடும்



விடுதிச் சாப்பாட்டையும் பேராசிரியர்களையும் பற்றி மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் நெய்வேலியில் உத்தியோகம் பார்த்த காலத்தில் தெரிந்துகொண்ட ஒரு சின்னச் சரித்திரத்தை எழுதுகிறேன். கார்க் கதவின் உள்பக்க அட்டையின் சரித்திரம். மெக்கானிக் பாஷையில் சொன்னால் 'டோர் பேட்'.

மூடியிருப்பதை எடுத்துவிட்டு உள்ளே போவது நெய்வேலிக்குப் புதிதல்ல. நிறுவனம் 1956-இல் தொடங்கியது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேல்மண்ணை வாரிக் கொட்டி, அடியிலிருந்து அழுத்தும் ஊற்று நீரை இறைத்து, பழுப்பு நிலக்கரியின் முகத்தைப் பார்க்க 1961 ஆகஸ்ட் ஆயிற்று.

அந்தக் காலத்து வண்டி என்றால் அம்பாசடர். 1957-இல் வந்தது, 2014-இல் நின்றது. இன்னொன்று, பின்னாளில் பத்மினி ஆன பியட். கண்ணாடி இறங்காவிட்டால் முதலில் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் அது ஒரு சின்ன ஊசியில் நிற்கும். பிறகு ரெக்சின் ஒட்டிய அட்டையைத் தட்டைத் திருப்புளியால் ஓரம் ஓரமாக நெம்ப வேண்டும். கம்பி கிளிப் வளைந்தால் நிமிர்த்தி மறுபடி மாட்டிவிடலாம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் கைப்பிடிக்குப் பின்னால் லாடம் மாதிரி ஒரு வளையம் இருக்கும். பழைய துணியை இடுக்கில் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் 'டக்'கென்று தெறிக்கும். பிளாஸ்டிக் கிளிப்புகள் பெருகியதும் இதே காலத்தில்தான். நம்ம ஊர் வெயிலில் காய்ந்தவை நெம்பினால் ஒடியும். நிமிர்த்த வழியில்லை, புதுசுதான் வாங்கணும்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு பட்டறைப் பெரியவர் தம் பையனிடம் ஓயாமல் சொல்வார்: "டேய், உள்ள இருக்கிற பாலிதீன் பேப்பரைக் கிழிச்சுடாதடா!" காரணம் உண்டு. கண்ணாடி இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடியில் உள்ள துளைகள் வழியே அது வெளியேறிவிடும். அட்டை நனையாமல் காப்பது அந்தப் பேப்பர்தான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்காலம் போனால் அட்டை ஊறி உப்பும், கார்ப்பெட் நாறும்.

இன்றைக்கு வேலை இன்னும் நுணுக்கம். கதவுக்குள் மோட்டார், ஒயர், ஸ்பீக்கர். 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். பல வண்டிகளில் பக்கவாட்டிலும் ஏர்பேக் உண்டு. பாட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுக்காமல் அந்த உறைகளில் கை வைக்கக் கூடாது.

கழற்றுவதற்கு அவசரம் போதும், திரும்ப வைப்பதற்குப் பொறுமை வேணும். வாரிய மண்ணைச் சுரங்கக் குழியிலேயே நிரப்பி மரம் நட்ட இடங்களை நெய்வேலியில் பார்த்திருக்கிறேன். மனசுக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிலக்கரிக்காக இடம்பெயர்ந்த கிராமங்களை அப்படித் திரும்ப வைக்க முடியவில்லை. நம்மில் பாதிப்பேர் அந்த மின்சாரத்தில்தான் படித்தோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விட்டால், சில்லறையை எண்ணுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "அந்தப் பேப்பரைத் திரும்ப ஒட்டினீங்களா, அண்ணே?"