புண் ஆறிட்டா நோய் போயிடுச்சா? பால்வினை நோய்க்கு தென்காசியில் இலவச பரிசோதனை

தென்காசி:

குற்றாலத்தில் சீசன் களைகட்டினால் மெயினருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கும் தலைகள்தான். "இத்தனை பேர் குளிக்கிற தண்ணியில குளிச்சா அந்த மாதிரி நோய் வந்துடுமா?" என்ற பயம் சிலருக்கு உண்டு.

வராது. அருவி தண்ணீர், எண்ணெய் மசாஜ், பஸ் சீட் எதனாலும் மேகப்புண்ணோ, எச்.ஐ.வி.யோ ஒட்டாது. துண்டை மாற்றி துவட்டினால் படர்தாமரை வரலாம், அது வேறு கதை. பால்வினை நோய் முக்கியமாக பரவுவது ஆணுறை இல்லாத உடலுறவால்தான். மேகப்புண்ணும் எச்.ஐ.வி.யும் கர்ப்பிணியிடம் இருந்து குழந்தைக்கும் போகும். மூலிகை தண்ணீரில் குளித்தால் சரியாகிடும் என்று நாளை கடத்துவதும் வீண்.

ஏமாற்றும் புண்

மேகப்புண் (சிபிலிஸ்) பொல்லாதது. தொற்றி சுமார் 3 வாரத்தில் பிறப்புறுப்பில் வலியே இல்லாத புண் வரும். மருந்து போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். "அதான் போயிடுச்சே" என்று ஆளும் மறந்துவிடுவார். கிருமி மட்டும் ரத்தத்தில் இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம். பல வருஷம் கழித்து இதயம், மூளை வரை பாதிக்கலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். ஆரம்பத்திலேயே வந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பென்சிலின் ஊசியோடு முடிகிற விஷயம் இது.

வெட்டை நோயில் ஆணுக்கு சிறுநீர் எரிச்சல், சீழ் வரும். பெண்ணுக்கு பல நேரம் ஒன்றுமே தெரியாது. உள்ளே கருக்குழாய் அடைத்துக்கொள்ளும். குழந்தை இல்லை என்று மருமகளை கரித்துக் கொட்டுகிற வீடுகளில், மகனுக்கு முன்பு வந்த சீக்கை யாரும் யோசிப்பதில்லை. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் திரும்பவும் தொற்றும்.

லாட்ஜில் ரூம் போட்டு "மேக நோய்க்கு ஒரே வாரத்தில் தீர்வு" என்று லேகியம் விற்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் கொட்டுவதை விட அரசு ஆஸ்பத்திரி மேல்.

எங்கே போகலாம்?

தென்காசி மாவட்ட தலைமை அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். ஆலோசகர் முதலில் தனியாக பேசுவார், பிறகு ரத்தம் எடுப்பார்கள். மேகப்புண்ணுக்கும் ரத்த பரிசோதனை உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள்.

தொற்றிய மறுநாளே எச்.ஐ.வி. பரிசோதனையில் தெரியாது. அதனால் 3 மாதம் கழித்து மறுபடியும் பார்க்க சொல்வார்கள்.

இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தனர். அன்று மருந்து இல்லை. 2004 முதல் அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாக தருகிறது. ஒழுங்காக சாப்பிடுபவர்கள் மற்றவர்களை போலவே வேலை பார்க்கிறார்கள். முடிவை வெளியே சொல்லக்கூடாது, எச்.ஐ.வி. இருக்கிறது என்று வேலையை விட்டு நீக்கக்கூடாது என 2017-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது.

ஆணுறை கிழிந்துவிட்டதா? 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு போனால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க மருந்து உண்டு, 28 நாள் சாப்பிட வேண்டும். நேரில் கேட்க கூச்சமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம், காசு கிடையாது.