கோல் வீரர்கள் நிறைந்திருந்தும் கோலின்றித் திரும்பிய அணி

2002 மே 31ஆம் திகதி சியோல் நகரில் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் ஆரம்ப ஆட்டத்துக்கு வந்த பிரான்ஸ் அணிக்குக் கோல் பஞ்சம் ஏற்படும் என எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அப்போது முடிவடைந்திருந்த பருவத்தில் தியரி ஹென்றி இங்கிலாந்து லீக்கில் 24 கோல்களையும், டேவிட் ட்ரெஸிகே இத்தாலி லீக்கில் 24 கோல்களையும், ஜிப்ரில் சிஸே பிரெஞ்சு லீக்கில் 22 கோல்களையும் போட்டிருந்தனர். மூவருமே அந்தந்த லீக்கில் தனித்தோ பகிர்ந்தோ முதலிடம் பெற்றவர்கள். அணியோ 1998இன் உலகச் சம்பியன். 2000இன் ஐரோப்பியச் சம்பியன்.

ஆனால் நடந்தது வேறு. 1960 வரை பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்டிருந்த செனகல், தனது முதலாவது உலகக் கிண்ண ஆட்டத்திலேயே 1-0 என வென்றது. அதன் பயிற்றுநர் புரூனோ மெற்சு ஒரு பிரெஞ்சுக்காரர். வீரர்களில் பெரும்பாலானோர் பிரெஞ்சுக் கழகங்களில் ஆடியவர்கள். அடுத்து உருகுவேயுடனான ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. அதில் ஹென்றி 25ஆவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஜூன் 11இல் டென்மார்க்கிடம் 0-2 எனத் தோற்று பிரான்ஸ் நாடு திரும்பியது. மூன்று ஆட்டங்கள், ஒரு கோல் கூட இல்லை. நடப்புச் சம்பியன் ஒன்று கோலே போடாமல் வெளியேறியது உலகக் கிண்ண வரலாற்றில் அதுவே முதற்தடவை.

பந்து பல தடவைகள் கம்பத்தில் பட்டுத் திரும்பியது உண்மையே. எனினும் பழியை அதிர்ஷ்டத்தின் மீது மட்டும் சுமத்துவது வரலாறாகாது. கோல் என்பது இறுதி உதையில் பிறப்பதல்ல. அதற்கு முந்திய பந்துப் பரிமாற்றத்தில் உருவாவது. அந்த வேலையைச் செய்யக்கூடிய இருவரும் காயமடைந்திருந்தனர். ரொபேர் பிரெஸ் மார்ச் மாதத்தில் முழங்காற் காயத்தால் அணிக்கு வெளியே போனார். ஸினடின் ஸிடான், போட்டிகள் தொடங்குவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர் தென்கொரியாவுடனான சினேகபூர்வ ஆட்டத்தில் தொடைக் காயமுற்றார். மூன்றாவது ஆட்டத்தில் கட்டுப் போட்ட காலுடன் அவர் ஆடியும் பயன் கிட்டவில்லை.

இதற்கு முந்திய ஆண்டில் நடந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். 2001இல் ஸிடான் இல்லாமலே பிரான்ஸ் கூட்டமைப்புகள் கிண்ணத்தை வென்றது. அந்தத் தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானவர் பிரெஸ். ஆக, ஒருவர் இல்லாதபோது மற்றவர் இருந்தார். இருவரும் இல்லாத நாளுக்கு ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. செனகலுக்கு எதிராக ஸிடானின் இடத்தில் ஆடிய யூரி ஜொர்கேயெவ்வுக்கு அப்போது 34 வயது. நடப்புச் சம்பியன் என்பதால் தகுதிகாண் ஆட்டங்களிலிருந்தும் பிரான்ஸ் விலக்குப் பெற்றிருந்தது. கடுமையான சோதனைகள் குறைந்ததால் பலவீனம் வெளியே தெரியவில்லை.

தவறு ஸிடானின் காயத்தில் மட்டுமே இருந்தது என்றும் கூற இயலாது. 2006இல் அவர் ஆடியபோதும் சுவிற்சர்லாந்துடனான முதல் ஆட்டம் கோலின்றியே முடிந்தது. 1998 இறுதியாட்டத்தில் இமானுவேல் பெற்றி போட்ட கோலுக்குப் பின்னர், உலகக் கிண்ணத்தில் பிரான்ஸின் அடுத்த கோல் 2006 ஜூன் 18இல் தென்கொரியாவுக்கு எதிராக ஹென்றியின் காலிலிருந்துதான் வந்தது. இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். நான்கு முழு ஆட்டங்கள். அதன் பின்னர் வென்றேயாக வேண்டிய டோகோவுடனான ஆட்டத்தில் ஸிடான் தடை காரணமாக ஆடவில்லை. பிரான்ஸ் 2-0 என வென்றது. அவர் திரும்பிய பின் அணி இறுதியாட்டம் வரை சென்றது.

ஒரு மனிதரை நம்பியிருப்பதும் தவறு. அவர் இல்லாமலே எல்லாம் நடக்கும் என இறுமாந்திருப்பதும் தவறு. 2002இன் பிரான்ஸ் இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் செய்தது. கோல் போடுபவர்களை எண்ணிப் பார்த்தவர்கள், அவர்களுக்குப் பந்து கொடுப்பவர் யார் என எண்ணிப் பார்க்க மறந்தார்கள்.