வளாகமும் கிணறும்: பசுமைக் கட்டட நியமம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது அது பழைய கட்டடங்களிலேயே குடிபுகுந்தது. சேர். பொன். இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி அதன் இருப்பிடமாயிற்று. விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில் இயங்கியது. இருக்கும் கட்டடத்தை மீளப் பயன்படுத்துவதற்கு இன்றைய பசுமைக் கட்டட நியமங்கள் புள்ளி வழங்குகின்றன. அன்று அதனைச் செய்வித்தது சுற்றாடற் கொள்கையன்று, அவசரமே எனக் கருதுகின்றோம்.

இலங்கைப் பசுமைக் கட்டடச் சபை 2009 இல் அமைந்தது. நிலம், நீர், சக்தி, கட்டடப்பொருள் எனப் பகுத்து மதிப்பிடுதல் இத்தகைய நியமங்களின் பொதுமுறை. எமது குடாநாட்டிலோ இவற்றைத் தனித்தனியே பகுத்தல் அரிது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. அவ்வெடிப்புகளே மலகூடக் குழிகளின் கழிவையும் கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுதற்குத் தோட்டங்களுக்கிடும் உரத்துடன் இக்குழிகளும் காரணமென ஆய்வாளர் பலகாலமாகக் கூறிவந்துள்ளனர். ஆயிரக்கணக்கானோர் கூடும் வளாகமொன்று கூரையிலே சூரியத் தகடுகளைப் பரப்பிவிட்டு நிலத்தடியில் கசியும் குழிகளை வைத்திருக்குமாயின், அதனைப் பசுமை வளாகம் என்பது எங்ஙனம்?

கட்டடப்பொருளின் கதையும் இதனோடு பிணைந்ததே. காங்கேசன்துறையில் 1950 இல் இயங்கத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் போர்ச் சூழலில் நின்றது. பலருக்கு வேலை தந்த தொழிற்சாலை அது. அதன் சமூகப் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அதற்கென அகழப்பட்ட சுண்ணக்கல்லே குடாநாட்டின் நன்னீரைத் தாங்கி நிற்கும் பாறையுமாகும். சுவருக்கு வேண்டிய கல்லைப் பெறுதற்கு நீரிருக்கும் இடத்தையே தோண்டினோம்.

இதற்கு மாற்றாக நாற்சார் வீட்டைச் சுட்டுவோர் உளர். நடுமுற்றம், பனைமரக் கூரைச் சட்டங்கள், தடித்த சுண்ணாம்புச் சுவர் ஆகியன வெப்பத்தைத் தணித்தன என்பது உண்மை. ஆயினும் அவ்வீட்டார் யார், அவர்தம் கிணற்றிலே நீர் அள்ளும் உரிமை யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வினாக்களை விலக்கிவிட்டு அதனைப் போற்றுதல் வரலாறாகாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் குடத்துடன் காத்துநின்று பிறர் வார்த்த நீரைப் பெற்ற காலமும் அதுவே.

வளாகத்துக் குழாயிலே அவ்வேறுபாடு இல்லை. எனினும் நிலத்தடி நீர் மதிலை அறியாது. வளாகத்தின் நீர்க்கணக்கை எழுதுவோர், அயலிலுள்ள திருநெல்வேலிக் குடிகளின் கிணறுகளையும் அக்கணக்கிற் சேர்த்து, சோதனை முடிவுகளை அவர்களுக்குத் தமிழிலே அறிவித்தல் வேண்டும்.