தோலில் விழும் துளை

ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம்கள் தலைமுறைகளாகத் தோல் பதனிட்டார்கள். 1970களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பின்னரே அங்கே காலணித் தையல் இயந்திரங்கள் பெருகின.

துணி தைத்த பழைய இயந்திரத்தைத் தோலுக்குப் பழக்குவது எளிதன்று. துணியில் ஊசி இழைகளை விலக்கிச் செல்லும்; தோலிலோ அறுத்துச் செல்லும். நூலைப் பிரித்தாலும் துளை மறையாது. ஆதலால் வெட்டுமுனை ஊசியும் நீண்ட தையலும் வேண்டும். தையல் நெருங்கினால் தபால்தலை ஓரம்போல் தோல் கிழியும். கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்க்காமல் நல்ல தோலைத் தொடுவது விரயமே.

இத்துளையை ஃபிக்ஹ் அறிஞர்களும் கவனித்துள்ளனர். உளூவில் மஸஹ் செய்யும் ‘குஃப்’ எனும் தோலுறைக்குள் நீர் ஊடுருவலாகாது எனும் ஷாஃபிஈ நூல்கள், தையல் துளைவழிக் கசிவை மட்டும் மன்னிக்கின்றன.