மாரத்தான் கதை – 11: பாஸ்டன் கேட்கும் நேரம்

பாஸ்டன் மாரத்தானில் ஓட விரும்புகிறவர் முதலில் வேறொரு மாரத்தானை ஓடிக் காட்ட வேண்டும். முறைப்படி அளந்து சான்று தரப்பட்ட பாதையில், தன் வயதுக்கும் பாலினத்துக்கும் விதித்த நேரத்துக்குள் 42.195 கிலோமீட்டரை முடித்தவரால்தான் விண்ணப்பிக்கவே முடியும். உலகின் பெரிய மாரத்தான்கள் பலவற்றில் சாதாரண ஓட்டக்காரருக்குக் குலுக்கல்தான் முக்கிய வழி. பாஸ்டனில் கடிகாரமே வழி. அந்த நேரத்தை எட்டுவதை ஓட்டக்காரர்கள் ‘பி.க்யூ.’ என்கிறார்கள். மும்பை மாரத்தானில் ஓடுகிறவர்களிலும் அந்த இரண்டெழுத்தைக் குறிவைத்து மாதக்கணக்கில் பயிற்சி எடுப்பவர்கள் உண்டு.

இந்த விதி பந்தயத்தோடு சேர்ந்து பிறந்ததல்ல. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மாரத்தானைக் கண்டு வந்த பாஸ்டன் தடகளச் சங்கத்தார், மறு ஆண்டே தங்கள் ஊரில் ஒன்றை நடத்தினார்கள். 1897 ஏப்ரல் 19 அன்று ஆஷ்லாந்து என்ற சிற்றூரிலிருந்து 15 பேர் பாஸ்டனை நோக்கி ஓடினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் மெக்டெர்மாட் 2 மணி 55 நிமிடம் 10 விநாடியில் வென்றார். அன்றைய பாதை 40 கிலோமீட்டருக்கும் குறைவு. இப்போது 18 முதல் 34 வயது வரையுள்ள ஆண்களுக்கு பாஸ்டன் விதித்திருக்கும் நேரம் 2 மணி 55 நிமிடம். முதல் பந்தயத்தின் வெற்றியாளர் இன்று விண்ணப்பித்தால் பத்து விநாடியில் வாய்ப்பை இழப்பார்.

1924-ல் தொடக்க இடம் ஹாப்கின்டனுக்கு மாறியது. பாதையும் ஒலிம்பிக் தூரத்துக்கு நீண்டது. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அது சில நூறு பேர் ஓடும் உள்ளூர்த் திருவிழாவாகவே இருந்தது. பரிசுப் பணம் கிடையாது. நேரச் சான்று யாரும் கேட்கவில்லை. பெயர் கொடுத்த ஆண் எவரும் ஓடலாம்.

ஆண் என்பதே அன்றைய எழுதாத தகுதி. 1966-ல் பாபி கிப் என்ற இளம்பெண் விண்ணப்பம் கேட்டு எழுதியபோது, பெண்களின் உடல் இவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று மறுத்தார் பந்தய இயக்குநர் வில் குளோனி. கிப் தொடக்கக் கோட்டருகே புதருக்குள் மறைந்திருந்து, பந்தயம் தொடங்கியதும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். 3 மணி 21 நிமிடம் 40 விநாடியில் அவர் ஓடி முடித்தபோது, ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். மறு ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் ‘கே. வி. ஸ்விட்சர்’ என்று பெயர் கொடுத்து 261-ஆம் எண்ணை முறையாகவே வாங்கிவிட்டார். பந்தய அதிகாரி ஜாக் செம்பிள் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்க்க முயன்ற புகைப்படம் உலகெங்கும் அச்சானது. பெண்களுக்கு அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தது 1972-ல்தான். அந்த ஆண்டு ஓடிய எட்டுப் பெண்களில் நீனா குஷிக் 3 மணி 10 நிமிடம் 26 விநாடியில் முதலாவதாக வந்தார். ஆண்களுக்கு அப்போதிருந்த 3 மணி 30 நிமிட வரம்பே அந்த எட்டுப் பேருக்கும் பொருந்தும் என்று சங்கம் சொல்லியிருந்தது. சலுகை எதுவும் இல்லாமலேயே அவர்கள் உள்ளே வந்தார்கள் என்பதை இந்த வரலாற்றில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நேர வரம்பு என்ற எண்ணம் எழுந்தது கூட்டத்தால். 1967-ல் 741 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பந்தயத்தை நடத்தியவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். விண்ணப்பங்களைக் கையாண்ட செம்பிளுக்கு பாஸ்டன் கார்டன் அரங்கில் இருந்த உடலியக்கச் சிகிச்சை அறையே அலுவலகம். ஹாப்கின்டனின் குறுகிய சாலையில் ஆயிரம் பேரை நிறுத்துவதே பெரும்பாடு. எனவே 1970-ன் விண்ணப்பப் படிவத்தில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர் என்று கல்லூரிப் பயிற்சியாளரோ வட்டாரத் தடகள அமைப்பின் பொறுப்பாளரோ சான்று தர வேண்டும். பொழுதுபோக்காக மெல்ல ஓடுபவர்களுக்கான பந்தயம் இதல்ல என்றும் படிவம் கண்டிப்பாகச் சொன்னது. மறு ஆண்டு அந்தச் சான்று போதாது என்றாகி, 3 மணி 30 நிமிடம் வரம்பானது. மாரத்தான் ஓடாதவர்கள் 10, 15, 20 மைல் பந்தயங்களின் நேரத்தைக் காட்டவும் அப்போது வழி இருந்தது.

நடத்துபவர்கள் எதிர்பாராதது இதன் பிறகு நடந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வென்றதும், அந்த நாட்டில் ஓட்டம் ஒரு மக்கள் பழக்கமாகப் பரவியது. புதிதாக ஓட வந்தவர்கள் தங்களை அளந்துகொள்ள ஓர் அளவுகோலைத் தேடினார்கள். பாஸ்டன் விதித்த நேரம் தயாராக இருந்தது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட வேலியைத் தாண்டுவதே பெருமை என்றானது. தாண்டியவர்களின் எண்ணிக்கையும் வளர்ந்தது. 1977-ல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 3 மணி நேரம், பெண்களுக்கும் 40 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 3 மணி 30 நிமிடம் என்று சங்கம் இறுக்கியது. அப்படியும் 1979-ல் ஏறத்தாழ 8,000 பேர் வந்தார்கள். 1980-ல் வரம்பு 40 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு 2 மணி 50 நிமிடம், பெண்களுக்கு 3 மணி 20 நிமிடம் என்று இன்னும் இறங்கியது. பாஸ்டன் விதித்தவற்றிலேயே மிகக் கடுமையானது அதுதான்.

அந்த ஆண்டே தகுதி நேரத்தின் பலவீனமும் வெளிப்பட்டது. பெண்கள் பிரிவில் 2 மணி 31 நிமிடம் 56 விநாடியில் முதலாவதாக வந்தவர் ரோஸி ரூயிஸ். அவர் முகத்தில் களைப்பில்லை. வழியில் நின்று கவனித்தவர்கள் யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை. கடைசிச் சிறு பகுதியை மட்டுமே ஓடினார் என்று விசாரணையில் தெரிந்ததும், வெற்றி கனடாவின் ஜாக்லின் கரோவுக்குப் போய்ச் சேர்ந்தது. ரூயிஸ் பாஸ்டனுக்கு வரத் தகுதியாகக் காட்டியது 1979 நியூயார்க் மாரத்தானின் நேரம். அதையும் அவர் முழுமையாக ஓடவில்லை, இடையில் சுரங்க ரயிலில் போனார் என்ற புகார் எழ, நியூயார்க் அமைப்பாளர்கள் அந்த முடிவையும் ரத்து செய்தார்கள். கரோ தன் வெற்றிக் கோட்டைக் கடந்த கணத்தில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய கைதட்டலை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியவில்லை. பின்னாளில் காலணியில் கட்டும் சில்லும், வழியெங்கும் நேரம் பதியும் விரிப்புகளும் வந்து இத்தகைய ஏமாற்று கடினமானது.

1980-களில் நிலை தலைகீழானது. லண்டன், நியூயார்க், சிகாகோ பந்தயங்கள் பணம் தந்து முன்னணி ஓட்டக்காரர்களை அழைத்துக்கொண்டன. பரிசு தராத பாஸ்டன் மங்கியது. ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆதரவோடு 1986-ல் பரிசுப் பணம் வந்த பிறகுதான் அது மீண்டது. கடும் வரம்பையும் சங்கம் படிப்படியாகத் தளர்த்தியது. 1990-ல் 18–34 வயது ஆண்களுக்கு 3 மணி 10 நிமிடம், அதே வயதுப் பெண்களுக்கு 3 மணி 40 நிமிடம் என்று வைத்து, வயது ஏற ஏற நிமிடங்களைக் கூட்டிக் கொடுத்தது. பந்தய நாளன்று என்ன வயது என்பதே கணக்கு. முதியவர்களுக்கும் எட்டக்கூடிய ஓர் இலக்கை வைத்த இந்த ஏற்பாடே பாஸ்டன் விதியின் மிக அழகான பகுதி. இன்றும் 80 வயதைக் கடந்த ஆணுக்கு 4 மணி 50 நிமிடமும் பெண்ணுக்கு 5 மணி 20 நிமிடமும் உண்டு. 1989 முதல் தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுவோர்க்கும் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1996-ல் நடந்த நூறாவது பந்தயத்துக்கு மட்டும் குலுக்கலும் சேர, பெயர் கொடுத்தவர்கள் 38,000-ஐத் தாண்டினார்கள்.

1990-ன் வரம்பு பெரிய மாற்றமின்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதை உடைத்தது இணையம். 2010 அக்டோபர் 18 அன்று, அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்குப் பதிவு தொடங்கிய 8 மணி 3 நிமிடத்தில் எல்லா இடங்களும் தீர்ந்தன. முந்தைய ஆண்டு அதற்கு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. வருடக்கணக்கில் உழைத்து நேரத்தை எட்டியவர்கள், அன்று வேலையில் இருந்ததாலோ இணைப்பு மெதுவாக இருந்ததாலோ வெளியே நின்றார்கள். வேகமாக ஓடியவரை விட்டுவிட்டு வேகமாகத் தட்டச்சு செய்தவரைத் தேர்ந்த அந்த முறை அநியாயமானது. சங்கமும் உடனே அதைக் கைவிட்டது. 2012 பந்தயத்திலிருந்து, வரம்பைவிட 20 நிமிடம் குறைவாக ஓடியவர்களுக்கு முதலில், பிறகு 10 நிமிடம், 5 நிமிடம் என்று வரிசையாகப் பதிவு திறந்தது. மிஞ்சிய இடங்களும் வேகமானவர்களுக்கே முதலில் போயின. 2013-க்கு வரம்பு எல்லா வயதினருக்கும் 5 நிமிடம் குறைந்தது. அதுவரை 3:10 என்றால் 3:10:59 வரை ஏற்றுக்கொண்ட 59 விநாடிச் சலுகையும் போயிற்று.

இந்த முறையால் புதிய ஏமாற்றம் ஒன்று பிறந்தது. தகுதி நேரத்தை எட்டுவது விண்ணப்பிக்கும் உரிமையை மட்டுமே தந்தது. இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடினால், எல்லோரும் வரம்பைவிட இத்தனை விநாடி வேகமாக ஓடியிருக்க வேண்டும் என்று பதிவு முடிந்த பிறகே தெரியவரும். 2012-ல் அந்த வெட்டு 1 நிமிடம் 14 விநாடி; 3,228 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2013 ஏப்ரல் 15 அன்று வெற்றிக் கோட்டருகே குண்டுகள் வெடித்து மூவர் இறந்தார்கள். பாதித் தூரத்தைக் கடந்தும் முடிக்க முடியாமல் நின்றுபோன 5,633 பேரை மறு ஆண்டுக்கு அழைத்த சங்கம், மொத்த இடங்களை 36,000 ஆக உயர்த்தியது. துயரம் நடந்த சாலையிலேயே மறுபடி ஓட வேண்டும் என்று அவ்வளவு பேர் விரும்பியதால், அப்போதும் 1 நிமிடம் 38 விநாடி வெட்டு விழுந்தது. 2019-ல் அது 4 நிமிடம் 52 விநாடி. 2020-க்கு வரம்பு மேலும் 5 நிமிடம் இறங்கியது. கோவிட் காரணமாக 2021 அக்டோபருக்குத் தள்ளிப்போன பந்தயத்தில் 20,000 இடங்களே இருந்ததால் வெட்டு 7 நிமிடம் 47 விநாடியானது. அடுத்த இரண்டு ஆண்டுகள் வெட்டே இல்லை. பிறகு மீண்டும் வெள்ளம்: 2025 பந்தயத்துக்கு 36,393 பேர் விண்ணப்பிக்க, 12,324 பேருக்கு இடமில்லை.

2026-க்கு 60 வயதுக்குட்பட்டோர் எல்லோருக்கும் வரம்பு இன்னொரு 5 நிமிடம் குறைந்தது. 18–34 வயது ஆணுக்கு 2 மணி 55 நிமிடம் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டரையும் 4 நிமிடம் 9 விநாடிக்கும் சற்றுக் குறைவாக 42 முறை ஓட வேண்டும். அவ்வளவுக்குப் பிறகும் 4 நிமிடம் 34 விநாடி வெட்டு விழுந்தது. அந்த வயது ஆணுக்கு உண்மையில் தேவைப்பட்ட நேரம் 2:50:26. மிகக் கடுமையானது என்று பேர்பெற்ற 1980-ன் வரம்புக்கு அது 26 விநாடி பக்கத்தில் நிற்கிறது. 1980-ல் அந்த எண் படிவத்திலேயே அச்சாகியிருந்தது. இன்றைய ஓட்டக்காரர் எந்த எண்ணை நோக்கி ஓடுகிறோம் என்று தெரியாமலேயே ஓடுகிறார்.

விநாடிகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததும், சரிவான பாதைகளுக்குக் கிராக்கி ஏற்பட்டது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் மாரத்தான்கள், தகுதி நேரம் எளிதாகக் கிடைக்கும் என்று சொல்லியே ஓட்டக்காரர்களை அழைக்கின்றன. பாஸ்டன் பாதையும் இறக்கம்தான்: ஹாப்கின்டனிலிருந்து வெற்றிக் கோடு ஏறத்தாழ 140 மீட்டர் தாழ்வு. 2011-ல் கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் இங்கே 2:03:02-ல் ஓடியும் உலக சாதனையாக ஏற்கப்படாததற்கு, இந்தச் சரிவும் தொடக்கமும் முடிவும் வெகுதூரம் விலகியிருப்பதும் காரணங்கள். ஆனால் மலைப் பாதைகளில் இறக்கம் இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் போவதுண்டு. இதற்கான விதி 2027 பந்தயத்திலிருந்து வருகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே 1,500 முதல் 2,999 அடி வரை இறங்கும் பாதையில் ஓடியவரின் நேரத்தோடு 5 நிமிடம் கூட்டப்படும். 3,000 முதல் 5,999 அடி வரை என்றால் 10 நிமிடம். 6,000 அடியும் அதற்கு மேலும் இறங்கும் பந்தயங்களின் நேரம் ஏற்கப்படாது.