எழுத்தில் பேசிய தொலைபேசி

மும்பை மாநகரின் துறைமுக ரயில் பாதையிலே வடாலா ரோடு நிலையத்தை அறியாத தமிழர் அந்நகரில் அரியர். கோட்டைப் பக்கமிருந்து வரும் பாதை அந்நிலையத்தைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று குர்லா வழியே பன்வேலை நோக்கியும், மற்றொன்று மாஹிம் வழியே மேற்குப் புறநகர்களை நோக்கியும் செல்கின்றது. சந்தடி மிகுந்த அந்த நடைமேடையில், உடல் ஊனமுற்றோருக்கென ஒதுக்கிய பெட்டி வந்து நிற்கும் இடத்தில், சிலர் கைகளாலேயே உரையாடிக்கொண்டு நிற்பதை நேயர்களிற் பலர் கண்டிருக்கலாம். அவர்கள் காது கேளாதோர். மும்பைப் புறநகர் வண்டிகளில் இப்பெட்டிகளே காது கேளாதோரின் கூடுமிடமாக விளங்குவதை ஆராய்ந்து, அன்னலீஸ் கஸ்டர்ஸ் என்ற மானிடவியல் அறிஞர் 2009-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரும் காது கேளாதவரே. வேலை, கல்யாணம், நண்பர் நலம் ஆகிய செய்திகள் யாவும் அந்தப் பெட்டியிலே கைமாறின, உண்மையாகவே கைமாறின. ஆயின், குறித்த வண்டியை ஒருவர் தவறவிட்டால் அந்தச் செய்தியை மற்றவர்க்குத் தெரிவிக்க முன்னாளில் வழியே இல்லை. ஊரெல்லாம் தொலைபேசி மணி ஒலித்தது. அவர்களுக்கு அது ஒலிக்கவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் காது கேளாதோருக்கு ஆசிரியராயிருந்தவர். அவருடைய அன்னைக்கும் காது கேளாது, மனைவிக்கும் கேளாது. 1876-ஆம் ஆண்டில் அவர் உரிமை பெற்ற கருவி உலகத்தைச் சுருக்கிற்று. ஆனால் அவர் மனைவியால் மட்டும் அதிற் பேச முடியாது! அதுவரையில் கடிதமும் தந்தியும் கேட்பவரையும் கேளாதவரையும் ஒன்றாகவே நடத்தி வந்தன. தொலைபேசி வந்த பிறகே காது கேளாதவர் பின்தங்கலானார். அலுவலகங்களில் தொலைபேசியில் விடை சொல்ல வல்லவருக்கே வேலை என்றாயிற்று.

இந்த நிலை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. அதை மாற்றியவர்கள் தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் அல்லர். காது கேளாதவர் மூவரே. கலிபோர்னியாவில் ராபர்ட் வைட்பிரெக்ட் என்றொரு பௌதிக விஞ்ஞானி இருந்தார். வானொலி வழியே டெலிபிரின்டரை இயக்கிப் பிறருடன் எழுத்தில் உரையாடுவது அவர் பொழுதுபோக்கு. பசடேனா நகரில் பல் சீர்செய்யும் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் இதனைக் கேள்வியுற்றார். வானொலியில் செய்வதைத் தொலைபேசியில் ஏன் செய்யலாகாது என்று வினவினார். ஆண்ட்ரூ சாக்ஸ் என்பவர் பொருளும் ஊக்கமும் அளித்து மூன்றாமவராகச் சேர்ந்தார். 1964-ஆம் ஆண்டில் வைட்பிரெக்டின் இல்லத்திற்கும் மார்ஸ்டர்ஸின் இல்லத்திற்கும் இடையே, பல நூறு மைல் தொலைவில், முதல் எழுத்து உரையாடல் நிகழ்ந்தது. முதலில் வந்தவை பொருளற்ற எழுத்துக் குவியல்கள். பலமுறை முயன்ற பின்னரே தெளிவான சொற்கள் தாளில் விழுந்தன.

அவர்கள் பயன்படுத்தியது என்ன? பத்திரிகை அலுவலகங்களும் தந்தி நிலையங்களும் கழித்துப்போட்ட பழைய டெலிபிரின்டர். இரண்டு ஆள் தூக்க வேண்டிய இரும்புக் குவியல் அது. இயங்கினால் தரையே அதிரும். (காது கேளாதவர் வீட்டில் அந்த ஓசை யாரையும் தொல்லைப்படுத்தவில்லை, அண்டை வீட்டாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) அதைத் தொலைபேசிக் கம்பியில் நேரே இணைக்கக் கம்பெனியின் விதி இடம் கொடுக்கவில்லை. அதனால் வைட்பிரெக்ட் ஒரு யுக்தி செய்தார். தொலைபேசியின் ரிசீவரை எடுத்து இரண்டு கிண்ணங்களின் மேல் வைத்தார். எழுத்துக்களைக் கருவி இருவகை ஒலிகளாக மாற்றிக் கிண்ணத்தில் பாடும்; நொடிக்கு 1400 அதிர்வுள்ளது ஒன்று, 1800 அதிர்வுள்ளது மற்றொன்று. மறுமுனையிலுள்ள கிண்ணம் அவ்வொலியைக் கேட்டு மீண்டும் எழுத்தாக்கும். காதில்லாதவருக்குக் கருவியே காதாயிற்று. எழுத்தை ஒலியாக்கி, ஒலியை எழுத்தாக்கும் இந்தக் கருவிக்குத்தான் மோடம் என்று பெயர்.

மணி அடிப்பதை எவ்வாறு அறிவது என்று நேயர்கள் கேட்கலாம். மணியுடன் ஒரு விளக்கைப் பூட்டினார்கள். அது மின்னி மின்னி அழைத்தது. ஒருவர் தட்டுகையில் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒரே பாதையில் இருவரும் பேச முடியாதல்லவா? ஆகவே, "நான் முடித்தேன், இனி நீர் சொல்லும்" என்பதற்கு இரண்டு எழுத்துக் குறி ஒன்று ஏற்பட்டது. உரையாடலை முடித்துக்கொள்ள வேறொரு குறி. நிமிடத்திற்கு அறுபது சொல் என்பது அதன் வேகம்.

1968-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் முக்கியமானது. பிறர் செய்த கருவிகளையும் தொலைபேசிக் கம்பியுடன் இணைக்கலாம் என்ற தீர்ப்பை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அவ்வாண்டில் வழங்கிற்று. கழித்த டெலிபிரின்டர்களைத் திரட்டிக் காது கேளாதோருக்கு வழங்கவென ஓர் அமைப்பும் அவ்வாண்டிலேயே தோன்றியது. நெடுநாள் தடையாயிருந்தது விஞ்ஞானம் அன்று, அனுமதியே.

பின்னர் வீட்டுக் கணிப்பொறிகள் வந்தன. அவற்றுக்கும் மோடம் உண்டு. கணிப்பொறியையும் மோடத்தையும் கொண்டே எழுத்துத் தொலைபேசி அமைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை இயற்கையாக எழுந்தது. ஆயினும் இரண்டுக்கும் பாஷை ஒத்துவரவில்லை. பழைய கருவி ஓர் எழுத்துக்கு ஐந்து குறிகள் அனுப்பியது. கணிப்பொறி ஏழு அல்லது எட்டுக் குறிகள் அனுப்பியது. கணிப்பொறி மோடத்தின் ஒலி இடைவிடாது இருந்துகொண்டே இருக்கும். பழைய கருவியோ எழுத்து வரும்போது மட்டுமே ஒலித்து, பிறகு மௌனமாகும். அந்த மௌனத்தைக் கண்டு, மறுமுனையில் ஆளில்லை என்று எண்ணி, கணிப்பொறி தொடர்பைத் துண்டித்துவிடும்! இரண்டு பாஷையும் அறிந்த தனி மோடங்களைச் செய்ய வேண்டியதாயிற்று. உலகெங்கும் வெவ்வேறாயிருந்த எழுத்துத் தொலைபேசிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் சர்வதேச விதி 1994-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பம்பாய், சென்னை, கல்கத்தா நகரங்களில் 1882-ஆம் ஆண்டிலேயே தொலைபேசி நிலையங்கள் ஏற்பட்டன. 1885-ஆம் ஆண்டளவில், வடாலாவுக்குத் தெற்கே மஸ்காவ் பகுதியில் ஆயர் லியோ மியூரின் காது கேளாதோருக்கு ஒரு பள்ளி நிறுவினார். இந்தியாவில் இத்தகைய பள்ளிகளில் அதுவே முதலாவது எனக் கொள்வர். தமிழகத்திலே அந்நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் தோற்றுவித்த பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆகவே பள்ளியும் தொலைபேசியும் நம்மிடம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவையே.

எழுத்துத் தொலைபேசிக்குத் தேவையான உறுப்புகளும் நம்மிடம் இல்லாமற்போகவில்லை. டெலிபிரின்டர்களைச் செய்வதற்கென்றே 1960-ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் ஹிந்துஸ்தான் டெலிபிரின்டர்ஸ் என்ற அரசாங்க நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1986-ஆம் ஆண்டில் பம்பாயிலேயே, ஜுஹுவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தொலைபேசிக் கம்பியும் மோடமும் கொண்டு மின்னஞ்சல் பரிமாறிக்கொண்டன. பந்திராவில் காது கேளாதோருக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983-ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. டெலிபிரின்டரைச் செய்தவர்கள் கிண்டியில். மோடத்தை இயக்கியவர்கள் பவாயில். காது கேளாதோரை அறிந்தவர்கள் பந்திராவில். எனினும் எழுத்துத் தொலைபேசி நம் நாட்டில் வேரூன்றவில்லை.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். காது கேட்பவருக்கே தொலைபேசி கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி கம்பி முழுவதும் சர்க்காரின் உரிமை. இலாகாவின் இசைவின்றி அதில் பிறர் கருவியை மாட்ட இயலாது. மேலும் எழுத்துத் தொலைபேசி என்பது இருமுனையிலும் இருந்தால்தான் பயன்படும். ஆகையால் மஞ்சள் நிறப் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கூடத்திற்குச் சென்று, துண்டுத் தாளில் எழுதி நீட்டி, கடைக்காரர் வாயால் தன் செய்தியைச் சொல்விப்பதே காது கேளாதவருக்கு எஞ்சிய வழி. அவர் வீட்டு இரகசியத்தை வரிசையில் நின்றவர்கள் யாவரும் கேட்டனர். அவர் ஒருவரே கேட்கவில்லை.

இவற்றினும் ஆழமான தடை ஒன்று உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் நாம் அதனைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடாலாவிலோ, அண்டாப் ஹில்லிலோ, தாராவியிலோ நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணுங்கள். அவ்வீட்டில் இரண்டு குழந்தைகள். ஒன்றுக்குக் காது கேட்கும், மற்றொன்றுக்குக் கேளாது. கேட்கும் குழந்தை பள்ளியில் இந்தியோ ஆங்கிலமோ படித்தாலும், அம்மா அடுப்பங்கரையில் பேசுவதைக் கேட்டே தமிழைப் பெற்றுவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று பெற்றோர் குறைப்பட்டுக் கொள்வார்கள். ஆனால் தமிழ் அதனிடம் இருக்கிறது. கேளாத குழந்தைக்கோ காது வழித் தமிழ் கிடையாது. அதற்குத் தமிழ் என்பது எழுத்து மட்டுமே. பம்பாய்ப் பள்ளியில் அக்குழந்தைக்கு வாய்க்கும் எழுத்து பெரும்பாலும் மராத்தியாகவோ, இந்தியாகவோ, ஆங்கிலமாகவோ இருக்கும். ஊரிலிருந்து பாட்டி தமிழில் எழுதும் கடிதத்தை அண்ணன் படிக்கக் கேட்டாவது புரிந்துகொள்வான். தம்பிக்கு அதுவும் இல்லை. நமக்கு எழுத்து போனால் மொழியில் ஒரு பாதி போகும். அவனுக்கு எழுத்து போனால் மொழியே போயிற்று.

அவனுக்கு அந்நாளில் ஓர் எழுத்துத் தொலைபேசி கிடைத்திருந்தால்தான் என்ன? ஐந்து குறி முறையில் 32 சேர்க்கைகளுக்கு மேல் இல்லை. மாற்று விசையை அழுத்தி இரட்டித்தாலும் ஆங்கில எழுத்துக்களும் எண்களும் சில குறிகளுமே அடங்கும். 247 எழுத்துக்கள் கொண்ட தமிழுக்கு அதில் இடமேது? யாழ்ப்பாணத்து முத்தையா தட்டச்சுப் பொறியில் தமிழைத் திறமையாக அடக்கிக் காட்டினார் என்பது மெய்யே. ஆனால் கம்பி வழியே செல்லும் குறிமுறை வேறு. கணிப்பொறி மோடம் வந்த காலத்திலும் துன்பம் வேறு உருவில் தொடர்ந்தது. தமிழுக்கு ஒன்றல்ல, பல குறிமுறைகள் புழங்கின. ஒருவர் ஒன்றில் எழுதியது மற்றவர் திரையில் குப்பையாக விழுந்தது. விசைப்பலகையையும் குறிமுறையையும் சீர்ப்படுத்துவதற்காக 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஒரு மாநாடே கூட்ட வேண்டியிருந்தது. வைட்பிரெக்டின் தாளில் முதல் நாள் விழுந்த எழுத்துக் குவியலைத் தமிழர் நாம் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் கண்டுகொண்டிருந்தோம்.

மும்பைக் காது கேளாதோர்க்கு விடிவு வந்தது டெலிபிரின்டராலும் அன்று, மோடத்தாலும் அன்று, கைப்பேசியின் குறுஞ்செய்தியால். அது காது கேளாதோருக்காகச் செய்யப்பட்டதும் அன்று. 1992-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. 1995-ஆம் ஆண்டில் இந்தியாவில் கைப்பேசி தொடங்கியது. விலை இறங்கி எல்லோர் கைக்கும் அது வந்தபோது, எந்த வண்டி, எந்தப் பெட்டி, எந்த நிலையம் என்பதைக் காது கேளாத நண்பர்கள் முன்னதாகவே குறித்துக்கொள்ளலாயினர். பின்னர் காணொளி அழைப்பு வந்து, கைகளே கம்பியில்லாமற் பேசத் தொடங்கின. தம்முள் பேச அவர்களுக்கு இன்று எழுத்துக்கூட அவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் ஊரிலுள்ள பாட்டிக்குச் சைகை மொழி தெரியாது. அங்கே எழுத்துதான் பாலம்.

குறுஞ்செய்தியிலும் தமிழுக்கு ஒரு வஞ்சனை நேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்தியில் 160 எழுத்து; தமிழில் எழுதினால் 70 குறிகளே. "கொ" என்ற ஒன்றை எழுதினாலும் கணக்கில் இரண்டாகும். ஆதலின் தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கம் பெருகிற்று. காது கேட்பவர் அதை உச்சரித்துப் பார்த்துப் பொருள் கொள்வார். தமிழ் ஒலியையே கேட்டறியாதவர் எதை உச்சரித்துப் பார்ப்பது?

அமெரிக்காவிலே 2016-ஆம் ஆண்டில், பழைய எழுத்துத் தொலைபேசிக்கு ஈடாக உடனெழுத்து முறையைக் கைப்பேசியில் அமைக்க அரசாங்க ஆணையம் இசைவளித்தது. முழுச் செய்தியையும் எழுதி முடித்து அனுப்புவதன்று இம்முறை. தட்டத் தட்ட ஒவ்வோர் எழுத்தும் மறுமுனையில் தோன்றும். 1964-இல் தாளில் விழுந்தவாறே, தயக்கமும் திருத்தமும் உட்பட எல்லாம் தெரியும். இத்தகைய உரையாடலுக்கு 1998-ஆம் ஆண்டிலேயே வகுத்த சர்வதேச விதி, உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான குறிமுறையையே அடிப்படையாகக் கொண்டது. ஒருங்குறி என்று நாம் அழைப்பது அதனையே. 1991-ஆம் ஆண்டு முதல் தமிழ் அதில் இருக்கிறது. எனவே அம்முறையில் ஒருவர் "கொ" என்று எழுதத் தொடங்கினால், பாளையங்கோட்டையில் பாட்டியின் திரையில் முதலில் "க" தோன்றும். அடுத்த கணம் அதன் இருபுறமும் கொம்பும் காலும் வந்து சேரும்.