யார் இட்ட உப்பு?

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு நான் காரியதரிசியாக இருந்தேன். தெருவில் சாக்கடை தேங்கி நிற்பதைப் பற்றி அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினோம். நல்ல காரசாரமான மனு. அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் படிப்பகத்துக்குச் சிறு மான்யம் ஒன்று கிடைத்துவிட்டது. அன்று இரவு உட்கார்ந்து, மனுவிலிருந்த மூன்று வரிகளை நானே அடித்துவிட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. அடிக்கச் சொல்லவும் இல்லை. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று என் பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தப் பழமொழிதான் என் கையைப் பிடித்து அடிக்க வைத்தது.

இங்கிலாந்திலுள்ள 'குடிமக்கள் ஆலோசனை நிலையங்க'ளின் சரித்திரத்தைப் படித்தபோது அந்த மூன்று வரிகளும் மறுபடி நெஞ்சில் வந்து உறுத்தின. அங்கேயும் ஒரு மான்யம் உண்டு. உப்பைப் பற்றிய அதே கேள்வியும் உண்டு.

1939 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை பிரிட்டன் ஜெர்மனியின் மீது யுத்தப் பிரகடனம் செய்தது. மறுநாள் திங்கட்கிழமை, நாட்டின் பல ஊர்களில் 200 ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. ஓர் இரவில் முளைத்த காளான்கள் அல்ல அவை. யுத்தம் மூண்டால் சாதாரண ஜனங்கள் புதுப்புதுச் சட்டங்களுக்குள் சிக்கித் திண்டாடுவார்கள் என்று, 1938லேயே சமூகத் தொண்டர்கள் கூடி ஏற்பாடு செய்திருந்தார்கள். பொதுக் கட்டடங்களிலும் தனியார் வீடுகளிலும் மேஜை நாற்காலி போட்டு, சம்பளம் வாங்காத தொண்டர்கள் உட்கார்ந்தார்கள். குண்டு விழுந்த இடத்துக்கே போவதற்காக, குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்றைக்கூட ஆபீஸாக மாற்றிக்கொண்டார்களாம்!

கதை எழுதுகிறவனால் அந்த மேஜைகளுக்கு எதிரே உட்கார்ந்தவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ரேஷன் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு விழிப்பவள். குண்டு வீச்சில் வீடிழந்தவர். பட்டாளத்துக்குப் போன கணவனின் கடனை அடைக்க வழியறியாத மனைவி. எதிரியிடம் சிறைப்பட்ட மகனின் செய்திக்கு ஏங்கும் தாய். அவர்களுக்குப் பணத்தைவிட அவசரமாக வேண்டியிருந்தது ஒன்றுதான். 'அம்மா, இந்தத் தாளில் இங்கே கையெழுத்துப் போடுங்கள், அந்த ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுங்கள்' என்று சொல்ல ஒரு மனிதக் குரல். 1942ல் இந்த நிலையங்களின் எண்ணிக்கை 1,074 ஆக உயர்ந்ததில் வியப்பென்ன?

யுத்தம் முடிந்தது, சர்க்காரின் கையும் சுருங்கியது. 1960ல் எஞ்சியவை 416தான். 1973ல் சர்க்கார் மறுபடி மான்யம் கொடுத்து நிலையங்களை விரிவாக்கியது. அதன்பின்தான் உப்பைப் பற்றிய கேள்வி எழுந்தது.

இந்த ஸ்தாபனத்தின் அமைப்பைச் சற்றே பாருங்கள். ஒவ்வொரு நிலையமும் ஒரு தனித் தர்ம ஸ்தாபனம். அதற்கென்று ஒரு நிர்வாகக் குழு. அந்தந்த ஊர் நகரசபை உள்ளூர் நிலையத்துக்குப் பணம் தரும். மத்திய சர்க்கார் தலைமை ஸ்தாபனத்துக்குப் பணம் தரும். ஆனால் உதவி தேடி வருகிறவரின் வழக்கு பெரும்பாலும் யாரோடு? 'எனக்குச் சேரவேண்டிய உதவித் தொகையை நிறுத்திவிட்டார்கள்', 'நகரசபை வீடு தர மறுக்கிறது' என்றுதானே வருகிறார்கள்? தன்மேல் எப்படி அப்பீல் செய்வது என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்க, சர்க்காரே பணம் தருகிறது! அது போதாதென்று, இந்த நிலையங்கள் இன்னொரு கடமையையும் ஏற்றுக்கொண்டன. நூறு பேர் காலில் ஒரே முள் தைத்தால், நூறு பேருக்கும் மருந்து போட்டுவிட்டுச் சும்மா இருப்பதில்லை. பாதையில் முள் கிடக்கிறது என்று ஆள்வோரிடம் போய்ச் சொல்வார்கள்.

1983ல் மோதல் வந்தது. அப்போது மார்கரெட் தாட்சரின் ஆட்சி. நுகர்வோர் விவகாரத்தைக் கவனித்த மந்திரி ஜெரார்டு வான், நிலையங்களின் தலைமை ஸ்தாபனத்துக்கு ஆண்டுதோறும் அளித்துவந்த சுமார் 60 லட்சம் பவுனில் பாதியை நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னார். நிலையங்களில் அரசியல் புகுந்துவிட்டது என்பது அவருடைய புகார். அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்தின் தலைவியான ஜோன் ரடக், ரெடிங் நகர நிலையத்தில் வேலை பார்த்து வந்தார். மந்திரியின் பார்லிமெண்டுத் தொகுதியும் அதே ஊரில்தான்!

ஊரெங்கும் ஆட்சேபம் கிளம்பியது. மந்திரியின் சொந்தக் கட்சியினரே முகம் சுளித்தார்கள். விசாரணை நடத்தும் பொறுப்பு சர் டக்ளஸ் லவ்லாக் என்ற மூத்த அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1984ல் வந்த அவருடைய அறிக்கை, நிலையங்களின் சேவை அவசியமானது, சர்க்காரின் உதவி தொடர வேண்டும் என்றது. நிர்வாகத்தைச் செப்பனிடவும் சில யோசனைகள் சொன்னது. அதற்கு முன்பே, 1983 ஜூன் தேர்தலுக்குப் பின் அமைந்த சர்க்காரில் வானுக்குப் பதவி இல்லை.

இந்தக் கதையில் மந்திரியை வில்லனாக்கிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அது நியாயமாகாது. வரிப் பணத்தை வாங்குகிறவர்கள் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். தொண்டர் நல்லவராக இருப்பது மட்டும் போதாது. அவர் தவறாகச் சொன்ன ஒரு யோசனையால் ஒரு குடும்பம் வீட்டை இழக்கலாம். எத்தனை பேருக்கு உதவினீர்கள், சொன்ன யோசனை சரியா, பணம் எங்கே போயிற்று என்று கேட்பது சர்க்காரின் உரிமை, கடமையும்கூட. உங்கள் ஊழியர் ஆபீஸ் நேரத்துக்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் பேசுகிறார் என்று கேட்பது வேறு. முன்னது கணக்குக் கேட்பது. பின்னது வாயைக் கட்டுவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை லவ்லாக் அறிக்கை அழியவிடவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அந்தக் கோடு ஒருமுறை போட்டால் நிலைத்துவிடுவதில்லை. 2016 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சர்க்கார் வேறொரு நிபந்தனையை அறிவித்தது. மான்யம் பெறும் எந்த ஸ்தாபனமும் அந்தப் பணத்தைக் கொண்டு சட்டத்தையோ கொள்கையையோ மாற்றும்படி சர்க்காரிடம் வாதாடக் கூடாது என்றது. தர்ம ஸ்தாபனங்கள் கொதித்தெழுந்தன. ஏப்ரலில் அந்த நிபந்தனை நிறுத்திவைக்கப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கேள்விதான்.

திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பீஷ்மர் ஏன் உறுதியாகத் தடுக்கவில்லை என்று கேட்டால், செஞ்சோற்றுக் கடன் என்பார்கள் நம் பெரியவர்கள். அவர் அறியாத தர்மமா? இருந்தும் அந்தச் சோறு துரியோதனன் வீட்டில் விளைந்தது என்று எண்ணிவிட்டார். அஸ்தினாபுரத்துக் குடியானவன் உழுது கட்டிய வரியல்லவா அது!

எங்கள் தெருவில் ஒரு கிழவர் இருந்தார். கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுத்தவர்தான். மழைக்காலத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சாக்கடையைத் தாண்டுவார். படிப்பகத்துக்கு வந்த மான்யத்தில் அவருடைய காசும் இருந்தது. பாட்டியின் பழமொழி பொய்யில்லை. உப்பு யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை நான்தான் விசாரிக்கவில்லை.